ஒட்டுப் போட்ட ரியூப் ஏன் கோணுகிறது? ஆண்குறி வளைவும் அதற்கான சத்திரசிகிச்சையும்

கொக்குவிலில் எனக்கு வழக்கமான சைக்கிள் கடை ஒன்று உண்டு. அண்மையில் ஒரு நாள் பின்சில்லுக்குக் காற்றுப் போய்விட, கடைக்காரர் ரியூபைக் கழற்றித் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்தி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். என்னோடு நின்ற பழைய நண்பருக்கு 55 வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளிகை போடுபவர். வீதியைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டார்: “மாஸ்டர், நீங்கள் உயிரியல் படிப்பித்தவர். ஒரு விசயம் கேட்டால் சிரிக்க மாட்டீர்களே?”

நான் சிரிக்கவில்லை. ஏழு மாதமாக விறைக்கும்போது ஆண்குறி மேல்நோக்கி வளைகிறதாம். தொடக்கத்தில் வலியும் இருந்ததாம். தடவிப் பார்த்தால் தோலுக்கு அடியில் பயற்றம் விதை போல ஏதோ தட்டுப்படுகிறதாம். மனைவிக்குச் சொல்லவில்லை, முதுகுவலி என்று சாட்டுச் சொல்லி விறாந்தையில் படுக்கிறார். புற்றுநோயோ என்ற பயம் ஒரு பக்கம். பத்திரிகை விளம்பரத்தில் கண்ட லேகியத்துக்குக் கொடுத்த காசு இன்னொரு பக்கம்.

அதற்குள் கடைக்காரர் ஒட்டுப் போட்டுக் காற்றடித்துப் பார்த்தார். ரயருக்கு வெளியே ஊதிய ரியூப், ஒட்டுப் போட்ட பக்கமாகச் சற்றே கோணியது. “அங்கே பாரும், உம்முடைய வருத்தம் அதுதான்” என்றேன். நான் வகுப்பறையில் நடத்திய எந்தப் பாடமும் அவ்வளவு வசதியாக அமைந்ததில்லை.

ஆண்குறிக்குள் எலும்பு இல்லை. நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழல்கள், கடற்பஞ்சு போன்ற இழையத்தால் நிறைந்தவை. அவற்றுக்குக் கீழே, சலம் போகும் வழியைச் சுற்றி மூன்றாவது, மெல்லிய குழல் ஒன்று. விறைப்பு வரும்போது மேலே உள்ள இரண்டு குழல்களுக்குள்ளும் குருதி பாய்ந்து நிறைகிறது. அந்தக் குருதியை அடைத்து வைத்து இறுக்கம் தருவது, குழல்களைச் சுற்றியிருக்கும் வெள்ளை நிற நார் உறை. இங்கே அதை வெண்ணுறை என்று வைத்துக்கொள்வோம். தளர்ந்திருக்கும்போது ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பு. விறைக்கும்போது இழுபட்டு அதில் நான்கில் ஒரு பங்குக்கும் மெலியக்கூடியது. ரியூபின் றப்பர்தான் இந்த வெண்ணுறை. றப்பர் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக விரிந்தால் குழல் நேராக நிற்கும். ஒரு பக்கத்தில் விரியாத தழும்பு இருந்தால், காற்று ஏற ஏற அந்தப் பக்கத்துக்கே வளையும்.

அந்தத் தழும்பு எப்படி வருகிறது? உடலுறவின்போது விறைத்த குறி தவறாக மடங்குவது, நெரிபடுவது போன்ற சிறு காயங்கள் வெண்ணுறையின் அடுக்குகளுக்குள் உண்டாகி, ஆறும்போது அளவுக்கு மீறி நார் படிந்துவிடுகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆனால் பலருக்கு அப்படி ஒரு காயம் பட்ட நினைவே இருக்காது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களிடம் அதிகம். உள்ளங்கையில் நார் தடித்து விரல்கள் மடங்கிப்போகும் வருத்தம் உள்ளவர்கள் சிலருக்கு இதுவும் சேர்ந்து வருவதுண்டு. இரண்டும் உறவுக்கார நோய்கள்.

இதற்கு பெய்ரோனி நோய் என்று பெயர். பிரான்ஸ் அரசன் பதினைந்தாம் லூயியின் சத்திரசிகிச்சை வைத்தியராக இருந்த பிரான்சுவா ஜிகோ த லா பெய்ரோனி 1743ஆம் ஆண்டு இதைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன மருந்து என்ன தெரியுமா? பரேஜ் என்ற ஊரின் வெந்நீர் ஊற்றில் குளிப்பது. கீரிமலைக் கேணியில் குளித்தால் தீராத வருத்தமும் தீரும் என்று எங்கள் பாட்டிமார் சொன்னதுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. அரண்மனை வைத்தியரும் அந்தக் காலத்தில் அவ்வளவுதான்.

இன்னொரு வகை வளைவும் உண்டு. பிறவியிலேயே வெண்ணுறையின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் குறைவாக விரிவது. இதில் தழும்பும் இல்லை, வலியும் இல்லை. பெரும்பாலும் கீழ்நோக்கி வளையும். பிள்ளை இளைஞனாகும் வயதில்தான் கவனிப்பான். கவனித்தாலும் வாய் திறக்க மாட்டான். கலியாணம் பேசி, சீதனம் பேசி, நாள் வைத்த பிறகுதான் பயம் பிடித்து ஓடிவருகிறார்கள். அதற்கு முந்தியே வந்தால் ஆறுதலாகப் பார்க்கலாம்.

என் நண்பரின் இரண்டு பயங்களை முதலில் தீர்த்தேன். இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. இது தொற்றுநோயும் அல்ல. யாரிடமிருந்தும் வாங்கியதல்ல, மனைவிக்குக் கொடுக்கப் போவதும் அல்ல. ஆனாலும் தோலில் புண், இரத்தம், வளர்ந்துகொண்டே போகும் கட்டி என்று இருந்தால் அது வேறு கதை. அதை உடனே காட்ட வேண்டும். விறைத்திருக்கும்போது ‘டக்’ என்ற சத்தத்தோடு விறைப்பு ஒரேயடியாக இறங்கி, வீங்கிக் கறுத்தால் அது வெண்ணுறை கிழிந்ததன் அடையாளம். அதற்கு அன்றிரவே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று பார்த்திருந்தால் பின்னாளில் வளைவும் விறைப்புக் குறைவும் தங்கிவிடலாம்.

அடுத்தது பொறுமை. பெய்ரோனி நோய்க்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் வலி இருக்கும், வளைவு மாதத்துக்கு மாதம் மாறும். இது ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை நீளலாம். பின்பு வலி அடங்கி, வளைவு ஒரே அளவில் நின்றுவிடும். சத்திரசிகிச்சை இந்த இரண்டாம் கட்டத்துக்கு உரியது. நோய் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகி, குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் வளைவு மாறாமல் இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. கொதிக்கும் கட்டத்தில் வெட்டித் தைத்தால், தைத்த பிறகும் தழும்பு வளரும். வளைவு திரும்பி வரும். வீட்டு அத்திவாரம் இறங்கிக்கொண்டிருக்கும்போது சுவரின் வெடிப்புக்குச் சீமெந்து பூசுவது போன்றது. நண்பருக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. அவருக்கு இன்றைக்குக் கத்தி தேவையில்லை, பரிசோதனை தேவை.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது? வலிக்கு மாத்திரை உண்டு. குறியை மெல்ல இழுத்துப் பிடிக்கும் கருவிகளைச் சில வைத்தியர்கள் பரிந்துரைப்பார்கள். அவற்றை நாள்தோறும் பொறுமையாகப் பாவிக்க வேண்டும். வைற்றமின் ஈ பற்றி அநேகமாக எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில், வைற்றமின் ஈ, ஒமேகா 3, டமொக்சிபென் போன்றவற்றை இந்த நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறது. லேகியத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: அந்தக் காசுக்கு நல்ல மீன் வாங்கலாம்.

தழும்புக்குள்ளேயே போடும் ஊசி ஒன்றும் உண்டு. நாரைக் கரைக்கும் கொலாஜினேஸ் என்ற நொதியம். அமெரிக்காவில் 2013 டிசம்பரில், 30 பாகைக்குக் குறையாத வளைவுக்கு அனுமதி கிடைத்தது. ஐரோப்பியச் சந்தையிலிருந்து 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே அமெரிக்காவில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் இதைப் பற்றிச் சொன்னால் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் இருக்கும் தம்பி கிடைக்காது என்று சொன்னால் அவரும் பொய் சொல்லவில்லை.

யாருக்குச் சத்திரசிகிச்சை?

வளைவு இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் கத்திக்குப் போகக் கூடாது. பல ஆண்களுக்குச் சிறு வளைவு இயல்பு. முருங்கைக்காய் எல்லாம் நேராகவா காய்க்கிறது? உடலுறவு முடியாமல் இருக்கிறதா, அல்லது கணவனுக்கோ மனைவிக்கோ வலிக்கிறதா என்பதே முதற்கேள்வி. 20 பாகை வளைவோடு நிம்மதியாக வாழ்பவரை மேசையில் ஏற்றுவதால் அவருக்குக் கிடைப்பது தழும்பு மட்டுமே.

இரண்டாவது கேள்வி: விறைப்பு எப்படி இருக்கிறது? நீரிழிவுக்காரருக்கு இது மிக முக்கியம். சிகிச்சையின் வகையையே இந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது.

கிளினிக்கில் வைத்தியர் வளைவை நேரில் பார்க்க வேண்டும். பலர் நினைப்பது போல அங்கே எவரும் எதையும் செய்யச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் இயல்பாக விறைக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என இரண்டு படங்கள் எடுத்துவரச் சொல்வார்கள். முகம் தெரியத் தேவையில்லை, காட்டியபின் அழித்துவிடலாம். பிள்ளைகள் தொலைபேசியை வாங்கி விளையாடும் வீடு என்றால் கவனம். அல்லது அல்ப்ரோஸ்டாடில் போன்ற மருந்தை நுண்ணிய ஊசியால் ஏற்றி, விறைப்பை உண்டாக்கி, பாகைமானியால் அளப்பார்கள். கூடவே ஸ்கான் மூலம் குருதியோட்டத்தையும் பார்க்கலாம். இந்த ஊசிக்குப் பின் விறைப்பு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இறங்காவிட்டால் கூச்சப்படாமல் வைத்தியசாலைக்குத் திரும்ப ஓட வேண்டும். அடைபட்டு நிற்கும் குருதியில் ஒட்சிசன் தீர்ந்து பஞ்சு இழையம் பழுதாகிவிடும்.

இழுத்துப் பிடித்த நிலையில் குறியின் நீளத்தையும் அப்போதே அளந்து நோயாளர் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்து வருகிறது.

நீண்ட பக்கம், குறுகிய பக்கம்

வளைந்த எந்தப் பொருளுக்கும் வெளிப்பக்கம் நீளம், உட்பக்கம் குறுக்கம். நேராக்க வேண்டுமானால் நீண்ட பக்கத்தைக் குறுக்கலாம், அல்லது குறுகிய பக்கத்தை நீட்டலாம். சத்திரசிகிச்சை நூல்களில் எத்தனையோ பெயர்களில் முறைகள் வந்திருக்கின்றன. எல்லாம் கடைசியில் இந்த இரண்டுக்குள் அடங்கும். ஒன்பதாம் வகுப்புக் கேத்திரகணிதம் போதும்.

நீண்ட பக்கத்தைக் குறுக்குவது எளிது. தையற்காரர் சட்டையின் இடுப்பைப் பிடிப்பது போல, வளைவுக்கு எதிர்ப்பக்க வெண்ணுறையை மடித்துத் தைத்துவிடுவது. மிச்சிகனைச் சேர்ந்த ரீட் நெஸ்பிட் 1965இல், பிறவி வளைவுக்கு, வெண்ணுறையில் சிறு நீள்வட்டத் துண்டை வெட்டி எடுத்து விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கும் முறையை எழுதினார். பின்னர் அது பெய்ரோனி நோய்க்கும் வந்தது. துண்டு எடுக்காமல் நெடுக்காகக் கீறிக் குறுக்காகத் தைப்பது யாக்கியா 1990இல் சொன்ன வழி. வெட்டவே வேண்டாம், நூலால் மட்டும் மடிக்கலாம் என்பது 2002இல் கோலாமியும் லூவும் எழுதிய பதினாறு புள்ளி முறை. நூல் நுழையும் இடங்களைப் பேனாவால் பதினாறு புள்ளிகளாகக் குறித்துக்கொள்வதால் அந்தப் பெயர்.

விறைப்பு நன்றாக இருந்து, வளைவு 60 பாகைக்குள் நின்று, நடுவில் உடுக்கை போல ஒடுங்காமலும் இருந்தால் பெரும்பாலும் இந்த வழிதான். நேரம் குறைவு, விறைப்புக்கு வரும் ஆபத்து குறைவு, பெரும்பான்மையோருக்குக் குறி நேராகிறது. விலை என்னவென்றால், நீளம். நீண்ட பக்கத்தைக் குறுகிய பக்கத்தின் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள், குறுகியதை நீட்டவில்லை. வளைவு பெரிதாக இருந்தால் இழப்பும் பெரிது. இதைச் சுற்றி வளைக்காமல் முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் மனக்குறைகளில் முதன்மையானது இதுதான். இதிலே ஓர் அநியாயமும் இருக்கிறது: நோயே ஏற்கெனவே குறியைக் குறுக்கியிருக்கும், ஆனால் பழி முழுவதும் தையலுக்குப் போகும். அதனால்தான் முன்பே அளந்து எழுதச் சொன்னேன். தோலுக்கு அடியில் நூல் முடிச்சுகள் நெருடுவதும் உண்டு, ஆபத்தில்லை, எரிச்சல்தான்.

குறுகிய பக்கத்தை நீட்டுவது கடினமான வேலை. தழும்பு உள்ள இடத்தில் வெண்ணுறையைக் கீறி விரித்து, விரிந்த இடைவெளிக்கு ஒட்டுப் போட வேண்டும். ஆம், மீண்டும் சைக்கிள் கடைதான். 1974இல் டிவைனும் ஹோர்ட்டனும் நோயாளியின் தோலின் உட்படையை எடுத்து ஒட்டினார்கள். பிறகு காலில் உள்ள நாளத்தின் துண்டு, கன்னத்தின் உட்புறச் சவ்வு, பதப்படுத்திய மாட்டின் இதயச் சுற்றுச்சவ்வு, பன்றிக் குடலிலிருந்து எடுத்த படலம் என்று பல வந்தன. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மாடு என்றால் ஒருவருக்கு ஒவ்வாது. பன்றி என்றால் இன்னொருவருக்கு ஒவ்வாது. எந்தப் பொருளை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்பது நோயாளியின் உரிமை. சொந்த உடலிலிருந்து எடுப்பதும் முடியும் என்பதால் சங்கடப்படாமல் கேட்கலாம்.

60 பாகைக்கு மேற்பட்ட வளைவு, உடுக்கைபோல ஒடுக்கம், ஏற்கெனவே குறுகிய குறி ஆகியவற்றுக்கு இது ஏற்றது. ஆனால் மேற்பக்கத் தழும்பை எட்ட வேண்டுமானால் அங்கே ஓடும் நரம்புகளையும் குருதிக்குழாய்களையும் மெதுவாகப் பிரித்துத் தூக்க வேண்டும். அதனால் நுனியில் உணர்வு குறையலாம். முன்பிருந்த விறைப்பும் குறையக்கூடும். மடித்துத் தைப்பதைவிட இதில் அந்த ஆபத்து கூடுதல். ஒட்டும் காலப்போக்கில் சுருங்கி ஓரளவு வளைவைத் திருப்பித் தரலாம். அதனால் விறைப்பு முன்பே பலவீனமாக இருப்பவருக்கு இதைச் செய்ய வைத்தியர்கள் தயங்குவார்கள். சுருட்டுப் புகைப்பவர் முதலில் அதை நிறுத்த வேண்டும். குருதி ஒழுங்காகப் போகாத இடத்தில் ஒட்டு பிடிக்காது. எங்கள் ஊரில் சுருட்டை விடச் சொல்வது கத்தி வைப்பதைவிடக் கடினம் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு; அது வளைவோடு விறைப்பும் போய், சில்டெனாபில் போன்ற குளிகைகளுக்கும் பலன் காணாதவர்களுக்கு. பஞ்சுக் குழல்கள் இரண்டுக்குள்ளும் செயற்கை உருளைகளை வைப்பது. விதைப்பைக்குள் ஒரு சிறு பம்பி, அடிவயிற்றில் திரவம் நிறைந்த ஒரு பை. பம்பியை அமுக்கினால் திரவம் உருளைகளுக்குள் ஏறி விறைக்கும். இந்த ஊதும் வகையை பிரான்ட்லி ஸ்கொட்டும் கூட்டாளிகளும் 1973இல் அறிமுகப்படுத்தினார்கள். உருளையை நிரப்பிவிட்டு, வைத்தியர் தன் கைகளாலேயே குறியை எதிர்ப்பக்கமாக வளைத்துத் தழும்பை உடைப்பதும் உண்டு. கேட்கப் பயங்கரமாக இருக்கும். மயக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கருவியின் விலை அதிகம். உள்ளே வைத்துவிட்டால் பழைய இயல்பான விறைப்புக்குத் திரும்பும் பாதை இல்லை. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் கிருமி பிடிக்கும் ஆபத்து கூடும்; பிடித்தால் பெரும்பாலும் கருவியையே வெளியில் எடுக்க வேண்டிவரும்.

சத்திரசிகிச்சைக்கூடத்தில்

இடுப்புக்குக் கீழ் உணர்வு மரத்துப்போகச் செய்தோ முழு மயக்கத்திலோ செய்வார்கள். நுனிக்குச் சற்றுக் கீழே தோலைச் சுற்றிக் கீறி, சட்டைக் கையை மடித்து ஏற்றுவது போலத் தோலை அடிவரை இறக்குவார்கள். பிறகு அடியில் ஒரு றப்பர்ப் பட்டியைக் கட்டி, நுண்ணிய ஊசியால் சேலைன் ஏற்றிச் செயற்கை விறைப்பை உண்டாக்குவார்கள். வளைவு அப்போது கண்முன்னே தெரியும். ஒரு தையல் போட்டு, மீண்டும் சேலைன் ஏற்றி, நேராகிவிட்டதா என்று பார்த்து, போதாவிட்டால் இன்னொரு தையல். பட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கி, முச்சையைச் சற்று இழுத்துக் கட்டி, மீண்டும் ஏற்றிப் பார்க்கும் வல்வெட்டித்துறைப் பொடியன்களின் வேலைக்கும் இதற்கும் நிதானம் ஒன்றே.

தோலைச் சுற்றிக் கீறுவதால், முன்தோல் உள்ளவருக்கு அதையும் சேர்த்து அகற்றிவிடலாமா என்று வைத்தியர் கேட்பது வழக்கம். விட்டுவைத்தால் பின்னர் முன்தோல் வீங்கி இறுகக்கூடும். முஸ்லிம் நண்பர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. சைவ, கிறிஸ்தவ ஆண்கள் பலர் இதைக் கேட்டவுடன் கதிரையிலிருந்து எழும்பிவிடுவார்கள். இது மதச் சடங்கல்ல. தோல் ஆறுவதற்கான ஏற்பாடு. விருப்பமில்லை என்றால் சொல்லலாம். சில இடங்களில் தோலை வேறு வழியில் திறக்கவும் முடியும். ஆனால் கையொப்பம் வைக்கும் முன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து கட்டுப் பிரித்த பிறகு மனைவி கேட்டால் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

சொல்லப்போனால் மனைவியையும் கிளினிக்குக்கு அழைத்துப் போவதே நல்லது. யாழ்ப்பாணத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் விறாந்தையில் படுக்கும் கணவனைப் பற்றி அந்தப் பெண் தானாக என்னென்ன நினைத்துக்கொள்வாள்? ‘வேறு யாரோ இருக்கிறார்கள்’ என்பதைவிட ‘ஒரு தழும்பு இருக்கிறது’ என்பது அவளுக்கு ஆறுதலான செய்தி.

மொழியும் ஒரு சாட்டல்ல. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கே வந்து, மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். உடலின் எந்த உறுப்புக்கும் தமிழில் மரியாதையான சொல் இந்த மண்ணில் அப்போதே தேவைப்பட்டது. வைத்தியரிடம் ‘அந்த இடம்’ என்று முணுமுணுத்துவிட்டு வயிற்றுவலிக் குளிகையோடு திரும்பிவருவதில் பொருளில்லை. ‘ஆண்குறி வளைகிறது’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும். வெளிநோயாளர் பிரிவிலிருந்து உரிய நிபுணரிடம் துண்டு எழுதி அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை. அஸ்பிரின் போன்ற குருதி உறையாமல் தடுக்கும் குளிகை போடுபவர் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பிறகு வரும் நாட்கள் அவ்வளவு கடினமில்லை. கட்டு ஓரிரு நாள் இருக்கும். வீக்கமும் கண்டலும் பார்க்கப் பயமூட்டும். இரண்டு மூன்று வாரத்தில் வடியும். நித்திரையில் தானாக வரும் விறைப்பு தையலை இழுத்து வலிக்கும்; அது குருதியோட்டம் சரியாக இருப்பதற்கான நல்ல அடையாளம். காய்ச்சல், சீழ், நிற்காத குருதி என்றால் உடனே திரும்பிப் போக வேண்டும். உடலுறவுக்கு ஏறக்குறைய ஆறு வாரம் தடை.

இவ்வளவையும் கேட்டு முடிக்கும்போது கடைக்காரர் சில்லைப் பூட்டி, மணியையும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டார். நண்பர் நெடுநேரம் யோசித்தார். நீளம் பற்றிக் கேட்பார், அல்லது மனைவியிடம் எப்படித் தொடங்குவது என்று கேட்பார் என எதிர்பார்த்தேன்.

“மாஸ்டர், சைக்கிள் எப்போது ஓடலாம்?”

“முதலில் சீனியைக் குறையும். சத்திரசிகிச்சை தேவையா என்பதை ஐந்தாறு மாதம் கழித்து வைத்தியர் சொல்லட்டும். செய்தால், சைக்கிளுக்கும் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளும். அதுவரை பஸ்.”

பஸ் என்றதும் அவர் முகம் சுருங்கியது. புற்றுநோய் இல்லை என்றபோதும் அந்த முகத்தில் அவ்வளவு மாற்றத்தை நான் காணவில்லை.